வாய் மூடி எடுத்த அச்சு

உயர்ந்த ரக இன்-இயர் மானிட்டர் ஐந்தை என் மேசைமேல் பரப்பிவைத்திருக்கிறேன்; எதில் பேஸ், அதாவது அடித்தொனி, தூக்கலாக இருக்கிறது என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. மேடையில் பாடுகிறவர்கள் காதுக்குள் செருகிக்கொள்ளும் இந்தச் சுண்டைக்காய் அளவுச் சாதனத்துக்காக உயிரை விடும் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு காதுக்குப் பன்னிரண்டு ஸ்பீக்கராம், ஒயரெல்லாம் வெள்ளியாம். அட போங்கய்யா! காதோடு இம்மியும் இடைவெளி இல்லாமல் பொருந்தினால்தான் பேஸ். ஊசி நுழையும் சந்து இருந்தாலும் மொத்தமும் அது வழியாகப் போய்விடும். இதை இருபது வருடமாகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காதுக்கு அச்சு எடுத்து, அதன்படி மானிட்டர் செய்து கொடுப்பதுதான் என் தொழில்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு ஜோடி சிலிக்கான் காது வைத்திருக்கிறேன். பின்பக்கம் மைக், அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர். மானிட்டரைச் செருகி ஒலியை ஓடவிட்டால், பேஸ் எவ்வளவு என்று திரையில் கோடு வரும். அவை என் மனைவியின் காதுகள். நான் எடுத்த அச்சிலிருந்து வார்த்தவை. அவள் போய் ஒரு வருடம் ஆகிறது. மூளையில் ரத்தம் கட்டி, மூன்றே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டு மாதமாக அந்தக் காது சரியில்லை. காலை பதினொரு மணிக்கு, அவள் பாடிக்கொண்டிருந்த காலத்தில் தினமும் பழகிய அதே நேரத்தில், இடது காதின் கோடு பேஸ் பக்கம் சட்டென்று சரியும். பிறகு ஏறும். மறுபடி சரியும். ஒயரை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், ஐந்து மானிட்டரையும் மாற்றி மாற்றிச் செருகினேன். ஊஹூம். பதினொன்றரைக்குத் தானாகவே அடங்கிவிடும். வாயைத் திறந்து மூடும்போது தாடை அசைந்து, காதுத் துவாரம் விரிந்து, பேஸ் இப்படித்தான் ஒழுகும். ஆனால் சிலிக்கானுக்கு ஏது தாடை? அந்த அரைமணி நேரம் எழுந்து போக மனம் வராது. அவள் பாடுகிறாள், எனக்குத்தான் கேட்கவில்லை என்று உட்கார்ந்திருப்பேன்.

எதற்காக வருகிறாள் என்பது எனக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன் அவளுக்கு அச்சு எடுத்த அன்று எங்களுக்குள் சண்டை. ஒன்றுமில்லாத விஷயம், அவள் தங்கை வீட்டுக்கு நான் வரமாட்டேன் என்றுவிட்டேன். பாடுகிறவர்களுக்கு வாயைத் திறந்துவைத்துத்தான் அச்சு எடுக்க வேண்டும். அதற்காகப் பல்லிடையில் வைக்கும் கட்டையை நீட்டினேன். உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். ‘சரிதான் போடி’ என்று நானும் வீம்புக்கு, மூடிய வாயோடே அச்சை எடுத்துவிட்டேன். அந்த அச்சில் செய்த மானிட்டரோடு மேடையேறியவள், பாட ஆரம்பித்தாலே இடது காதில் பேஸ் காணாமல் போகிறது என்று வந்து நின்றாள். “அச்சுல ஒரு தப்பும் இல்ல. உன் காதுதான் போயிட்டிருக்கு” என்றேன். ஒரே வாரத்தில் எனக்கே உண்மை புரிந்துவிட்டது. ஆனால் ஊரே காதுக்கு என்னைத் தேடி வரும்போது, சொந்தப் பெண்டாட்டி காதில் கோட்டைவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? டாக்டரிடம் போக அவளுக்குப் பயம். பாடுவதையே நிறுத்திவிட்டாள்.

நேற்று பத்தரை மணிக்கு என் மகள் பட்டறைக்கு வந்தாள். அவளும் பாடுகிறாள். முதல் பெரிய டூர் கைக்கு வந்திருக்கிறது.

“அப்பா, டூருக்கு வரலன்னு சொல்லிடப் போறேன்.”

“ஏம்மா? இதுக்குத்தானே தவம் கெடந்த!”

“அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுப்பா. வாயைத் தொறந்து பாடினா பேஸே இல்ல.”

மேசைமேல் இருந்த ஐந்தையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். பேசாமல் இருந்தபோது கறுப்பு மானிட்டரில் பேஸ் நெஞ்சில் வந்து இடித்ததாம், வெள்ளி நிறத்ததில் அளவாக இருந்ததாம், சிவப்பு காதை வலித்ததாம். பாடியதும் ஐந்திலும் ஒன்றுமில்லை. கண் கலங்கிவிட்டாள். “அஞ்சும் சேர்ந்தா பொய் சொல்லும்?”

விளக்கை அடித்து அவள் காதுக்குள் பார்த்தேன். அம்மாவின் அதே வளைவு.

“அட லூசு! காதுக்கு ஒண்ணும் இல்ல. உன் தாடை அசையுது, இடுக்கு விழுது. வாயைத் தொறந்துவெச்சு அச்சு எடுத்து, அதுக்குத் தகுந்த மாதிரி செஞ்சா சரியாயிடும்.”

“அவ்வளவுதானா?” அவள் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. “அப்ப அம்மாவுக்கும் இப்படியே எடுத்திருந்தா...”

கட்டையை அவள் பல்லிடையில் வைத்துவிட்டேன்.

இரண்டு காதிலும் சிலிக்கான் கூழை நிரப்பினேன். இறுக ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை அவளுக்கு எதுவும் கேட்காது, பேசவும் முடியாது. கோழைப்பயல் நான், அந்த நேரம் பார்த்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். மணி பதினொன்று ஆகியிருந்தது. கறுப்பைச் செருகி ஓடவிட்டிருந்த சிலிக்கான் காதின் கோடு திரையில் சரிந்தது. நான் பேசி முடித்த பிறகும் ஏறவில்லை.

அச்சை உருவியதும் மகள் திரும்பினாள். “எதிர்ல இருக்கற கண்ணாடியில பார்த்தேன். என்னமோ சொல்லிட்டு அழுதீங்க. என்னப்பா?”

“ஒண்ணுமில்லம்மா. சும்மா...”

கோடு அடியிலேயே கிடந்தது. திறந்த வாயை மூடாமல் யாரோ எனக்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது. இரண்டாம் முறை, மகள் முகத்தைப் பார்த்து, வீம்பையும் பொய்யையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

திரையில் கோடு மெல்ல மேலே ஏறியது.

“அம்மா, தான் செவிடுன்னு நம்பிட்டேதான் போனாங்களா?”

“ஆமாம்மா.”

“பாத்ரூம்லகூட பாடமாட்டாங்கப்பா. என் பாட்டு நல்லா இருக்கான்னு கேட்டா, எனக்கென்ன தெரியும், என் காதுதான் போயிடுச்சேன்னு சிரிப்பாங்க.”

பிசுபிசுத்த அச்சு இரண்டையும் அவளே துடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“இதை நீங்க செய்ய வேணாம். வேற எடத்துல குடுத்துக்கறேன்.”

நான் தலையாட்டினேன். படியில் இறங்கிக்கொண்டே டூர்க்காரர்களுக்குப் போன் போட்டாள். குரல் ஓரிடத்திலும் நடுங்கவில்லை, மேலே எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“வர்றேன்னு எழுதிக்கோங்க. இல்லையில்ல, காது நல்லாத்தான் இருக்கு. எங்கம்மாவுக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”