இருட்டறை விசிறி

"சத்தம் வருதே செல்வம்மா, அப்புறம் என்ன?"

பாலகுரு இதை மூன்றாவது முறையாகக் கேட்டார். முடிச்சூர் ரோட்டில் இருந்த அந்தச் சின்ன நர்சிங் ஹோமுக்கு அவர்தான் மேனேஜர். எக்ஸ்ரே இருட்டறையின் வாசலில் நின்று காதை மேல்பக்கம் சாய்த்தார். கூரைத் தட்டிக்குள்ளிருந்து விசிறியின் உறுமல் கேட்டது. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு, கையிலிருந்த டைப் அடித்த தாளை அவளிடம் நீட்டினார்.

செல்வம்மாள் படித்தாள். சிறு வயது முதலே தனக்கு மூச்சுத்திணறல் இருப்பதால் இருட்டறை வேலையிலிருந்து விடுவிக்கும்படி அவளே கேட்டுக்கொள்வதாக எழுதியிருந்தது. கீழே அவள் பெயர், மேலே கையெழுத்துக்கு இடம். வேறு வேலை தருவதாக எங்கேயும் இல்லை.

'சிறு வயது முதலே' என்ற இடத்தில் அவள் கண் நின்றுவிட்டது. ஆவணி மாசம் வரைக்கும் சிட்லபாக்கத்திலிருந்து சானடோரியம் ஸ்டேஷனுக்கு ஓடி வண்டி பிடித்தவள் அவள். இப்போது படி ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த நான்கு மாதமாகத்தான். உடம்பு தன்னுடையது, அதன் கதையை மட்டும் வேறு யாரோ டைப் அடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"சத்தம் வருது சார். காத்து போகல."

"ஓடுற ஃபேன்ல காத்து எப்படிம்மா போகாம இருக்கும்? டாக்டரே சொல்லிட்டார். உன் உடம்பு வாகு அப்படி. மார்கழிப் பனி வேற."

அவள் தாளை இரண்டாக மடித்து அவர் சட்டைப் பையிலேயே செருகிவிட்டுத் திரும்பி நடந்தாள். 

இருட்டறைக்கு ஜன்னல் கிடையாது. ஊசி முனை வெளிச்சம் விழுந்தாலும் படம் கறுத்துவிடும். உள்ளே ஒரு சிவப்பு விளக்கு, படம் கழுவும் தொட்டிகள் மூன்று. டெவலப்பர், தண்ணீர், ஃபிக்ஸர். ஃபிக்ஸர் தொட்டியிலிருந்து கிளம்பும் புளித்த நெடி கண்ணைக் கரிக்கும், தொண்டையை அறுக்கும். அதை இழுத்து வெளியே தள்ளத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் தகரக் குழாய் ஒன்று போட்டார்கள். தொட்டிக்கு நேர் மேலே குழாயின் வாய். கூரைத் தட்டிக்குள்ளே நீளமாகப் போய் வளைந்து பின்பக்கச் சுவரில் வெளியே வரும். குழாயின் நடுவில், குழாய்க்குள்ளேயே உட்கார்ந்து சுற்றும் விசிறி. கீழே கதவில் வெளிச்சம் புகாத தகர மடிப்புகள் வழியாகப் புதுக் காற்று வரும். அதைப் பொருத்திய நாள் உள்ளே நின்று ஆழமாக மூச்சு விட்டது செல்வம்மாளுக்கு இன்னமும் நினைவிருக்கிறது.

அன்று காலை பின்பக்கப் பிள்ளையாருக்கு ஏற்றிய ஊதுபத்தியில் ஒன்றை எடுத்துவந்து குழாய் வாய்க்குக் கீழே பிடித்துப் பார்த்திருந்தாள். புகை மேலே போக வேண்டும். போகவில்லை. கொஞ்சம் தயங்கி, சுருண்டு, அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. தலைக்கு மேலே விசிறி மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் யேசுதாசன் வந்தான். விசிறியைப் பொருத்திய எலெக்ட்ரீஷியன் அவன்தான். மார்க்கெட் பக்கத்தில் இருந்த அவன் கடைக்கு அவளே நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். சைக்கிளில் ஏணியைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு கோபமாகத்தான் வந்தான்.

"மூணு மாசத்துக்கு ஒரு தபா கூப்புடுங்க, தொடச்சுக் குடுக்கிறேன்னு சொன்னேனே அக்கா. மூணு வருசம் ஆவுது. ஒரு ஆளு கூப்புட்டானா?"

"என்னைக் கேட்டு என்னாகும் யேசு. நான் சொல்லாத நாள் கிடையாது."

அவன் ஏணியைச் சாய்ப்பதற்கு முன்னால் நடையின் மூலையில் இருந்த மெயின் போர்டுக்குப் போனான். சுவிட்சை அணைத்தான். அது போதாது என்று ப்யூஸ் கட்டையையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நான் எறங்குற வரைக்கும் நீ இங்கியே நில்லுக்கா. எவன் வந்து கேட்டாலும் கையி வைக்கவுடாத. உள்ள றெக்க சுத்திச்சுன்னா எனக்கு விரலு கெடையாது."

அவள் போர்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். ஐந்து நிமிஷத்தில் பாலகுரு வந்தார். நடையில் டியூப் லைட் எரியவில்லை, ஓ.பி.யில் கூட்டம் என்றார். ப்யூஸ் இருந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைத் தானே போட்டுவிடுவதாகச் சொல்லி அவள் தோளுக்கு மேல் கையை நீட்டினார்.

"மேல ஆள் இருக்கு சார்."

"ரெண்டே நிமிஷம்மா."

"மேல ஆள் இருக்கு சார்," என்று அதே குரலில் மறுபடியும் சொன்னாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். ஆனால் போகவில்லை.

மேலே தட்டியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அப்புறம் தாசன் குரல். "ஐயோ, இன்னா சூடு."

இரண்டு பக்கமும் போல்ட்டைக் கழற்றி விசிறியைக் கீழே இறக்கி, நடையில் செய்தித்தாளை விரித்து வைத்தான். றெக்கைகளில் பஞ்சு மாதிரி அழுக்கு அப்பியிருந்தது. காய்ந்த துணியால் துடைத்து, சின்ன பிரஷால் மூலை முடுக்கெல்லாம் தட்டினான். தண்ணீர் படக்கூடாது என்று அவளிடம் சொன்னான். விரலால் சுற்றிவிட்டான். தடங்கல் இல்லாமல் சுற்றியது. மோட்டாருக்குள் போகும் ஒயரைத் தூக்கிக் காட்டினான். சிவப்பாக இருந்திருக்க வேண்டியது காபிப்பொடி நிறத்தில் கருகி, மடக்கினால் உதிர்ந்தது.

"ஃபேன் மேல தப்பு இல்ல சார். காத்து வந்தாத்தான் மோட்டாருக்குக் குளிர்ச்சி. காத்து போவ வழியில்லாம இது ராவும் பகலும் தம் கட்டிகினு கீது. இன்னும் ஒரு மாசம் உட்டிருந்தா ஒயர் பத்திகினு தட்டி மொத்தமும் எரிஞ்சிருக்கும். மேல வார்டுல எத்தினி பேரு படுத்துகினு கீறாங்க?"

"அழுக்குதானேப்பா. துடைச்சாச்சுல்ல. மாட்டு," என்றார் பாலகுரு.

தாசன் அவரைப் பார்த்தான். மறுபடியும் ஏணி ஏறி, டார்ச்சைக் குழாய்க்குள் அடித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். இறங்கி, பின்வாசல் வழியாக வெளியே போனான். செல்வம்மாள் அவன் பின்னால் போனாள்.

பின்பக்கச் சுவரில் குழாய் வெளியே வர வேண்டிய இடத்தில் பிள்ளையார் கோவில் இருந்தது. ஆவணியில் சதுர்த்திக்கு முன்னால் கட்டியது. கட்டடத்தில் கன்னி மூலை சும்மா இருக்கக்கூடாது என்று வாஸ்து பார்த்தவர் சொன்னதால் அந்த இடம். முழங்கால் உயரப் பீடம், அதன் மேல் கறுப்புக் கல்லில் பிள்ளையார், தலைக்கு மேல் சின்னதாய் ஒரு கோபுரம், பின்னால் சுவர் முழுக்க மஞ்சள் டைல்ஸ்.

"குழா எங்க சார்?" என்றான் தாசன்.

பாலகுரு வாசலிலேயே நின்றிருந்தார்.

"மேல தூக்கி மாடிக்கு விட்டுட்டோம்னுதானே சார் சொன்னீங்க," என்றாள் செல்வம்மாள்.

"கொத்தனார்கிட்ட அப்படித்தான் சொல்லியிருந்தேன்."

"மாடிக்கு ஒரு குழாயும் போவல சார். உள்ள டார்ச் அடிச்சா சிமென்ட்டு தெரியுது. பிள்ளையார் முதுகுக்குப் பின்னாடி அடச்சுப் பூசிட்டு மேல டைல்ஸ் ஒட்டிக் கீறாங்க."

"ஸ்வாமி தலையில அந்த நாத்தம் அடிச்சா நல்லாவாப்பா இருக்கும்? கும்பாபிஷேகத்துக்கு ஆள் வர நேரம். தற்காலிகமா அடைக்கச் சொன்னேன். அப்புறம் மாத்திக்கலாம்னு." பாலகுருவின் குரல் இறங்கியது. "மறந்துபோச்சு."

செல்வம்மாள் டைல்ஸைப் பார்த்தாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, வெட்கம். சதுர்த்திக்கு அடுத்த வாரம் இதே இடத்தில் கற்பூரம் காட்டியபோது, பின்பக்கம் முன்னைப்போல் நெடி அடிக்கவில்லையே என்று அவள்தான் சந்தோஷப்பட்டாள். எல்லாம் நீ வந்த நேரம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வெளியே வராத நெடி எங்கே போயிருக்கும் என்று ஒரு நாள் கூட யோசிக்கவில்லை. அது அவள் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது. முதல் இருமல் வந்தது புரட்டாசியில். பாலகுரு அதைப் பார்த்தார். ஐப்பசியில் பார்த்தார். கார்த்திகையில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவரே இவர்தான். அடைத்தது தான்தான் என்று தெரிந்த மனிதர், சிறு வயது முதலே என்று டைப் அடிக்கச் சொல்லியிருக்கிறார்.

"அடைச்சதை மறந்துட்டீங்க. சரி. எனக்கு மூச்சு நின்னப்ப எல்லாம் ஃபேன் சத்தத்தைக் காட்டினீங்களே சார், அது எப்படி மறக்காம இருந்துச்சு?"

அவர் செருப்பைப் பார்த்தார். "மார்கழியில ஸ்வாமி மேல கை வைக்கக் கூடாதும்மா. தை பிறக்கட்டும், நாள் பார்த்து இடிச்சிடலாம். இப்போதைக்கு ஃபேனை மாட்டச் சொல்லு."

"மாட்டமாட்டேன் சார்," என்றான் தாசன். "அடச்ச குழாவுல இத மாட்டிட்டுப் போனா நாளைக்கு நெருப்புப் புடிச்சா எம்பேருதான் சொல்லுவீங்க. வழியத் தொறங்க, புது ஒயர் போட்டு நானே மாட்டறேன்." ப்யூஸ் கட்டையைப் போர்டில் திரும்பச் செருகி, விசிறியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவன் போன பிறகு செல்வம்மாள் இருட்டறையைப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு, எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஆறு வருஷத்தில் இப்படி உட்கார்ந்ததில்லை. எக்ஸ்ரே அறையிலிருந்து கழுவ வேண்டிய படங்கள் ஒவ்வொன்றாக வந்து மேஜையில் சேர்ந்தன. நான்கு ஆயிற்று. வண்டலூர் பக்கம் மொபெட்டிலிருந்து விழுந்தவர் ஒருவர் புறங்கை வீங்கி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "லேட் ஆகுமாம்மா?" என்று கேட்டார். அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வலி இவருக்கு, அடைத்தது வேறு ஒருவர், பதில் சொல்ல வேண்டியவள் நான் என்று நினைத்தாள். அப்போதும் எழுந்திருக்கவில்லை. பாலகுரு இரண்டு தடவை வந்து நின்றார். ஒரு தடவை அதட்டினார், இன்னொரு தடவை கெஞ்சினார். 

கடைசியில் டாக்டர் பத்ரிநாராயணன் வந்தார். நர்சிங் ஹோம் அவருடையது. பாலகுரு வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்க வேண்டும்.

"என்ன செல்வம்மா இதெல்லாம்? பேஷன்ட்ஸ் வெயிட் பண்றாங்க. பைப்பை ஜனவரியில பார்த்துக்கலாம்னு பாலகுரு சொல்றார். அதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணு. கெமிக்கல் ஸ்மெல்லால மட்டும் இப்படி வீஸிங் வராது."

அவள் எழுந்து நின்றாள். "கழுவித் தரேன் சார். நாலு படம் இருக்கு. நீங்களும் உள்ள வந்து நில்லுங்க."

"நான் எதுக்கு?"

"உங்களுக்கு உடம்பு வாகு நல்லாத்தானே சார் இருக்கு."

பெஞ்சில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எரிச்சலோடு, "சரி, வா," என்று அவரே முன்னால் உள்ளே போனார்.

கதவை உள்ளே தாழிட்டாள். சிவப்பு வெளிச்சத்தில் டாக்டரின் வெள்ளைக் கோட்டு மங்கலான ரோஜா நிறமாகத் தெரிந்தது. மேலே விசிறி இல்லாததால் அந்த அறை எவ்வளவு நிசப்தமானது என்று அவளுக்கே இன்றுதான் தெரிந்தது. தொட்டியில் ஒரு தடவைக்கு இரண்டு படம்தான் தொங்கும். முதல் இரண்டை டெவலப்பரில் இறக்கினாள். தூக்கி, தண்ணீரில் அலசி, ஃபிக்ஸருக்கு மாற்றினாள். மூடியைத் திறந்தபோது நெடி எழுந்தது. அடுத்த இரண்டை எடுத்தாள். 

டாக்டர் முதலில் தொண்டையைக் கனைத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அப்புறம் இருமினார். ஒன்று, இரண்டு, விட்டுவிட்டு, அப்புறம் விடாமல்.

"போதும். கதவைத் திற."

"கடைசி ரெண்டு படம் டெவலப்பர்ல இருக்கு சார். திறந்தா கறுத்துடும். அதுல ஒண்ணு வண்டலூர்க்காரர் கை."

"எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம்."

அவர் கதவுப் பக்கம் போனார். கீழே மடிப்பு வழியாக வரும் காற்றுக்காகக் குனிந்து சுவரில் கை ஊன்றினார். அதே இடத்தில்தான் அவளும் தினமும் கை ஊன்றுவாள். அந்த இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்திருந்தது சிவப்பு வெளிச்சத்தில் தெரியாது. அவள் சொல்லவும் இல்லை. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தன் மூச்சின் விசிலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு மூச்சு இரைந்தது.

"பாலகுரு," என்று டாக்டர் கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே கூப்பிட்டார். "கொத்தனாருக்கு ஆள் அனுப்பு. இன்னிக்கே."

வெளியிலிருந்து தயங்கிய குரல் வந்தது. "சார், மார்கழி... ஸ்வாமியை எப்படி..."

"ஸ்வாமியை என் ரூம்ல கொண்டுவந்து வை. சுவத்தை இடி."

படங்களை ஃபிக்ஸரில் நன்றாக ஊற விட்ட பிறகுதான் அவள் தாழை எடுத்தாள். டாக்டர் வேகமாக வெளியே போய் நடையின் குழாயில் முகம் கழுவினார். கண் சிவந்திருந்தது. அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.  அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

செல்வம்மாள் நான்கு படங்களையும் கம்பியில் ஈரம் சொட்டத் தொங்கவிட்டாள். ஜெயித்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. நான்கு மாதம் தன் வாயால் சொல்லியும் நம்பாதவர்கள், அவர் இருமிய கால் மணி நேரத்தை உடனே நம்பிவிட்டார்கள். 

பாலகுரு மெதுவாக வந்தார். "அதான் சொல்லிட்டாரேம்மா. கொத்தனார் வரதுக்குள்ள சாயந்தரப் படத்தை மட்டும் முடிச்சுக் குடுத்துடு."

"மொதல்ல சுவத்துல ஓட்டை விழட்டும் சார்," என்றாள் அவள்.

கதவைப் பூட்டினாள். பெஞ்சில், புறங்கை வீங்கியவர் தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்.