ஜன்னல் கம்பிக்கு வெளியே பர்ஃபி

என் கணவர் ஷாகுல் ஹமீது கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை ஓட்டியவர். அவர் இறந்தபின் நான் இத்தாவில் இருந்தேன்; கணவனை இழந்தவள் அந்த நான்கு மாதம் பத்து நாளும் வாசலைத் தாண்டக் கூடாது. எங்கள் குதிரை பர்ஃபி எதிரே, எண்ணூர்க் கழியோரப் பொட்டலில் மேய்ந்தது. அனல்மின் நிலையத்திலிருந்து காற்றில் வந்த சாம்பல் அதன் கண்களை உறுத்தியது. வடிந்த நீரில் ஈக்கள் மொய்த்தன. எல்லாம் ஜன்னல் வழியே தெரிந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை.

தம்பி யாசின் அதன் முகத்தில் வலைத்துணியை இறுக்கிக் கட்டினான். வலை கண்ணிலேயே உரசி, இடது கண் மூடிக்கொண்டது. மருந்து போட்ட கால்நடை மருத்துவர், "இன்னொரு தடவை உரசினா பார்வை போயிடும்" என்றார்.

கொசுவலையை வெட்டி, கண்களுக்கு நேரே மடிப்பு வைத்துத் தைத்தேன். இப்போது வலை கண்ணைத் தொடாமல் குவிந்து நிற்கும். ஆனால் பர்ஃபி யாசினைக் கிட்டே விடவில்லை.

"அக்கா, என்மேல செம கோவத்துல கீது. கடிக்க வருது. நீயே வந்து மாட்டிவுடேன்."

"நான் எப்படிடா வர்றது?"

"அப்போ குதிரைய ஜன்னலாண்ட இட்டாறேன். உன் வூட்டுக்கு மாப்ள ஊர்வலம் வருதுன்னு நெனச்சிக்கோ."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜன்னலருகே குதிரையை நிறுத்தினான். கம்பிகளுக்கிடையே கைகளை நீட்டினேன். பர்ஃபி என் உள்ளங்கையை முகர்ந்து, அசையாமல் நின்றது. வலையை மாட்டி, நாடாவைக் கட்டி, வலைக்கும் இமைக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்த்தேன். நுழைந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.

"போதும்க்கா, வுடு. அதுக்குப் பசிக்குது."

விட்டேன். பர்ஃபி இடது கண்ணையும் மெல்லத் திறந்து, புல்லைத் தேடிப் போனது. நான் கம்பிக்குள்ளேயே நின்றேன்.