பேர் ஒட்டாத பாத்திரம்

"இது யாரோடது?" என்று மூன்றாவது முறையாகக் கத்திவிட்டு, ஆர்டிஸ் அத்தை நீலப் பீங்கான் பாத்திரத்தைத் தூக்கி அடியில் பார்த்தாள். டேப் இல்லை. பேரும் இல்லை.

மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊர் சர்ச்சில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. இழவுச் சாப்பாட்டுக்குப் பாத்திரம் கொண்டுவருகிறவர்கள் அடியில் டேப் ஒட்டிப் பேர் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் கழுவித் துடைத்து யாரிடம் கொடுப்பது?

ரோண்டா ஏழு மாத வயிற்றோடு கையில் துணியை வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றாள். அப்பா வெர்லினை மண்ணுக்குள் இறக்கிவிட்டு வந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு முடிவதற்குள், பாதி ஊர் அவள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டது. "தாத்தா போற நேரத்துக்குப் பேரன் வரான் பாரு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கையைத் தட்டிவிடவும் முடியவில்லை.

எரிச்சல் அவர்கள் மேல் இல்லை, அப்பா மேல். "அத்தைகிட்ட நான் சொல்லிக்கறேன், நீ வாயத் திறக்காத" என்றார். பனி உருகட்டும் என்றார். அப்புறம் விதைப்பு முடியட்டும் என்றார். பாதி விதைப்பில் டிராக்டர் பக்கத்தில் சரிந்து விழுந்து, சொல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். எந்த வேலையைத்தான் அந்த மனுஷன் முழுசாக முடித்தார்?

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். புருஷன் விட்டுவிட்டுப் போனபின், முதியோர் விடுதியில் இரவு வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளை வளர்ப்பதற்குள்ளேயே அவளுக்கு மூச்சு முட்டுகிறது. இந்தக் குழந்தையை நகரத்திலிருக்கும் டெஸ்ஸுக்கும் ஆரனுக்கும் தத்துக் கொடுக்கப் போகிறாள். அவளே பார்த்து, அவளே பேசித் தேர்ந்தெடுத்தவர்கள். அப்பாவும் ஒருமுறை வந்து அவர்களோடு உட்கார்ந்து பான்கேக் சாப்பிட்டார். திரும்பும்போது, "கொஞ்சம் ஒல்லியா இருக்காங்க. மத்தபடி பரவால்ல" என்றார். அதற்குமேல் அவர் யாரையும் புகழ்ந்ததில்லை.

"நாளைக்கு நம்ம வீட்டுத் தொட்டிலைக் கொண்டாரேன்" என்றாள் அத்தை. "பரண்லேருந்து எறக்கித் தொடச்சு வச்சாச்சு. பையன்னா வெர்லின். பொண்ணுன்னா வெர்லா."

"அத்தை..."

"இதப் பாருடி, ஒருத்தரும் தொடல. பீட்ரூட்டும் பயறும்! இழவுக்கு இதையா கொண்டாருவாங்க? கொட்டிட்டுப் பாத்திரத்த இங்கயே அலமாரில போட்டுடறேன். கேப்பார் இல்லாததுதானே."

"கேக்க ஆள் இருக்கு" என்றாள் ரோண்டா. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "டெஸ்ஸோடது. பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டுப் புருஷனோட கடைசி பெஞ்சுல இருந்தாளே, அவ. என் குழந்தைய அவங்கதான் வளக்கப் போறாங்க. தத்துக் குடுக்கறேன்."

அத்தை குழாயை மூடினாள்.

"ஏன், நான் செத்துட்டேனா? நான் வளக்க மாட்டேனா?"

"உங்களுக்கு எழுபத்திரெண்டு. முட்டி ரெண்டையும் மாத்தியாச்சு."

"வெர்லினுக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்ககிட்ட அவரே சொல்றேன்னார். விதைப்பு முடியட்டும்னார்."

"கிழிச்சான். அவன் கல்யாணமே எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும்." அத்தை சிரிக்கப் பார்த்தாள். முடியாமல் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் மூக்கைத் துடைத்தாள். "முடிவே பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். தெனமும் அழுகையா வருது. ஆனா இதுதான்."

அத்தை ஒரு கரண்டியை எடுத்தாள். பீட்ரூட்டை வழித்து ஒரு டப்பாவில் போட்டு மூடினாள், கொட்டவில்லை. பாத்திரத்தை இரண்டு தடவை கழுவினாள். இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்துக் கிழித்தாள்.

"யார் பேர எழுத?"

"ரெண்டு பேரோடதும்."

எழுதி அடியில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். ரோண்டா வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். அத்தை அந்தக் கையில் ஓர் அடி போட்டாள்.

"காலியாவா குடுப்பாங்க?"

மேஜையில் மிச்சமிருந்த தன்னுடைய எலுமிச்சை கேக் துண்டுகளை எடுத்து, இடைவெளி விடாமல் பாத்திரத்தில் அடுக்க ஆரம்பித்தாள்.

"பாத்தேன் அவங்கள" என்றாள், நிமிராமலே. "ரெண்டும் ஒல்லி."

ஒரு வரிசை முடிந்ததும் அதன்மேல் இன்னொரு வரிசை அடுக்கினாள்.