இருபத்துநான்கு வோல்ட்

காலை ஒன்பதரை மணிக்கு, இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷினின் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். வழக்கமாக உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், பிறகு மோட்டார் முனகிக்கொண்டே கிளம்பும். அன்று கம்மென்று நின்றது. இன்னொரு முறை அழுத்தினேன். ஒன்றுமில்லை. பின்பக்கத்து மின்பெட்டியைத் திறந்தால், கருகிய வாடை குப்பென்று முகத்தில் அடித்தது.

அந்த மெஷினுக்கு என் கல்யாணத்தைவிட வயது அதிகம். நானும் என் கணவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். நான் இரும்பு கடைபவள், அவர் எலெக்ட்ரீஷியன். தொழிற்சாலையை மூடியபோது இதை வாங்கிக்கொண்டு வந்து சொந்தமாகப் பட்டறை போட்டோம். இரும்பு உன் பாடு, கரண்ட் என் பாடு என்று அன்றே பிரித்துக்கொண்டோம். பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பெட்டிக்குள் நான் கை வைத்ததே இல்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. சொல்வதெல்லாம் புரியும், ஆனால் அவர் வாயைத் திறந்தால் 'தா... தா...' என்பதுதான் வரும். வீட்டில் தனியாக விட மனசு வராமல், தினமும் சக்கர நாற்காலியில் பட்டறைக்குக் கூட்டிவந்து ஜன்னலோரம் உட்கார வைப்பேன்.

நாங்கள் செய்வது செயற்கைக் கால்களுக்கான முழங்கால் மூட்டு. மருத்துவமனைக்கு இன்னும் ஏழு மூட்டு கொடுக்க வேண்டியிருந்தது. ஏழு மூட்டு என்றால் ஏழு பேர். அதில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், எப்போது தயாராகும் என்று முந்தின நாள்தான் போனில் கேட்டிருந்தார்.

தெரிந்த மெக்கானிக் ஒருவரை வரவழைத்தேன். எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது செஞ்ச கம்பெனியே இப்ப இல்லம்மா. பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடுங்க."

ஜன்னலோரம் இருந்து 'தா!' என்று ஒரு சத்தம். என் கணவரின் முகம் சிவந்திருந்தது.

எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்தான், என் நாத்தனார். அவருடைய தங்கை. லிஃப்ட் கம்பெனியில் பழுதான கண்ட்ரோல் போர்டுகளைச் சரிசெய்கிறவள். அவளைக் கூப்பிட எனக்குக் கூச்சம். அவருக்கு உடம்பு முடியாமல் போன புதிதில் அவள் வந்தபோது, அண்ணன் அவளைப் பார்த்துக் குழந்தை மாதிரி தேம்பி அழுதார். அதைத் தாங்க முடியாமல், "கொஞ்ச நாளைக்கு வராதேம்மா" என்று நானே சொல்லியிருந்தேன். அந்தக் கொஞ்ச நாள் அரை வருஷமாகிவிட்டது.

போன் போட்டேன். நான் சங்கதியைச் சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை. "லீவு சொல்லிட்டு வரேன் அண்ணி. எதையும் தொடாதீங்க" என்றாள். அவ்வளவுதான். ஒரு குத்தல் பேச்சு, ஒரு பெருமூச்சு, எதுவும் இல்லை.

பதினோரு மணிக்குத் தோளில் பையோடு வந்து இறங்கினாள். நேராக அண்ணனிடம் போய், "என்னண்ணே, எட்டு மாசம் ரெஸ்ட் எடுத்தது பத்தலையா? மெஷினையும் படுக்க வச்சிட்டியே!" என்றாள். அவர் அழப்போகிறார் என்று பயந்தேன். சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்ட சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு.

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு அவள் பெட்டிக்குள் தலையை விட்டாள். எனக்குப் புரியும்படி சொல்லிக்கொண்டே வேலை செய்தாள். மோட்டார் பெரிய கரண்டில் ஓடுகிறதாம். அதைப் போடவும் நிறுத்தவும் சின்னதாக இருபத்துநான்கு வோல்ட் வேண்டுமாம். அதைத் தயாரிக்கிற பகுதிதான் போயிருந்தது. ஃபியூஸ் கருகியிருந்தது. கரண்டைச் சேர்த்து வைத்துச் சீராக்குகிற, கட்டைவிரல் தடிமனில் இருந்த கெப்பாசிட்டரின் தலை உப்பிப் பழுப்பாகக் கசிந்திருந்தது. பக்கத்தில், கரண்டை ஒரே திசையில் ஓடவிடுகிற டயோடு பிரிட்ஜும் வெடித்திருந்தது. இரண்டையும் கழற்றி, பையிலிருந்து புதிதாக எடுத்து ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். கை ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"அவசரப்படாதீங்க. நேரா கரண்ட் கொடுத்தா, திரும்பவும் கருகிடும்." ஒரு குண்டு பல்பை எடுத்து, ஃபியூஸ் இருந்த இடத்தில், கரண்ட் அதன் வழியாகவே உள்ளே போகும்படி இணைத்தாள். "பல்பு ஒரு தடவை மின்னி மங்கிடுச்சுன்னா எல்லாம் நல்லாயிருக்குன்னு அர்த்தம். பளிச்சுனு எரிஞ்சுதுன்னா எங்கயோ ஷார்ட்."

சுவிட்சைப் போட்டாள். பல்பு கல்யாண வீட்டு விளக்கு மாதிரி எரிந்தது.

வெளியே போகிற ஒயர்களையெல்லாம் கழற்றிவிட்டுப் பார்த்தாள், பல்பு மங்கியது. மாட்டினாள், எரிந்தது. "நான் மாத்துனது சரியாத்தான் இருக்கு. கோளாறு மெஷினுக்குள்ள எங்கயோ இருக்கு" என்றாள். பதினோரு ஒயர்கள் கட்டாக இரும்புத் தூணுக்குள் போயின. எல்லாம் ஒரே கறுப்பு. எண்ணெய்க் கறை படிந்த சர்க்யூட் வரைபடத்தைத் தரையில் விரித்தாள். அதில் இருந்ததோ பத்தே ஒயர்தான். இன்னொன்று எது?

அப்போது அவர் சத்தம் போட ஆரம்பித்தார். 'தா... தா...' இடது கையை மெஷினின் தலைப்பக்கம் நீட்டினார். அங்கே வளைகிற கழுத்தோடு ஒரு விளக்கு உண்டு. கடைகிற இடத்துக்கு வெளிச்சம் தர அவரே மாட்டியது. பல்பு போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

"வெளிச்சம் போதும்ங்க, பகல்தானே" என்றேன். அவர் தலையை ஆட்டினார். டார்ச்சை எடுத்துவந்து பிடித்தேன். நாற்காலியின் கைப்பிடியை ஓங்கி அடித்தார். "ரொம்ப நேரம் உக்காந்துட்டார்ல, களைச்சுப் போயிட்டார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன்" என்று நாற்காலியைத் திருப்பினேன்.

"அண்ணி, நில்லுங்க." நாத்தனார் எழுந்து வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "நீங்க பதில் சொல்லாதீங்க. நான் அவனைத்தான் கேக்கப் போறேன். அண்ணே, ஆமான்னா விரலைத் தூக்கு. இல்லைன்னா கையை மூடு. அந்த விளக்கா?"

விரல் உயர்ந்தது.

"எரியலைன்னு சொல்றியா?"

கை மூடிக்கொண்டது.

"நீ மாட்டினதுதானே? இந்த இருபத்துநாலு வோல்ட்டுல இருந்தே ஒயர் இழுத்துட்டியா?"

விரல் உயர்ந்தது. அப்படியே நின்றது. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"அடப்பாவி, வரைபடத்துல குறிச்சு வைக்கக் கூடாதா? நீயெல்லாம் ஒரு எலெக்ட்ரீஷியன்!" என்று திட்டிக்கொண்டே ஓடினாள். விளக்கின் கழுத்தைக் கழற்றினாள். மெஷின் தலை ஏறி இறங்கும் இடத்தில் ஒயர் உராய்ந்து உராய்ந்து, மேல்தோல் தேய்ந்து, உள்ளே இருந்த இரண்டு செம்புக் கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. சுவிட்ச் விளக்கின் முனையில் இருந்ததால், அதை அணைத்து வைத்தாலும் அந்த ஒயரில் கரண்ட் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. "இது தெரியாம வெறும் கெப்பாசிட்டரை மாத்திட்டுப் போயிருந்தா, சாயங்காலமே திரும்பப் போயிருக்கும். டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து எரிஞ்சிருக்கும். அது இனி எங்கயும் கிடைக்காது அண்ணி."

அந்த ஒயரை நீக்கினாள். பல்பு ஒரு தடவை மின்னி மங்கியது. சோதனைக்கு மாட்டிய குண்டு பல்பை எடுத்துவிட்டு, புது ஃபியூஸ் போட்டு நேராகக் கரண்ட் கொடுத்தாள். மீட்டரில் இருபத்துநான்கு என்று காட்டியது. "அழுத்துங்க" என்றாள். நான் அழுத்தவில்லை. அவரைத் தள்ளிக்கொண்டு வந்து மெஷின் முன்னால் நிறுத்தினேன். இடது கையால் அழுத்தினார். 'டக்.' மோட்டார் கிளம்பியது.

எட்டு மாதமாக அவருக்கு வேளாவேளைக்குச் சோறு ஊட்டினேன், குளிப்பாட்டினேன், மருந்து கொடுத்தேன். ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேனா? அவருக்கும் சேர்த்து நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று அது உறைத்தபோது மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நன்றாகவே அழுதுவிட்டேன்.

கிளம்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு நான் எப்படி நன்றி..."

"ஐயோ, சும்மா இருங்க அண்ணி. நன்றியெல்லாம் வெளியாளுக்குச் சொல்றது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போன் போட்டீங்களே, அதுக்கு நான்தான் சொல்லணும்" என்றாள்.

நான்கே நாளில் ஏழு மூட்டும் போய்ச் சேர்ந்தன. வாத்தியார் வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்ததாக மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள்.

நாத்தனார் இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறாள். தன் வேலையிடத்தில் யாருக்கும் பிடிபடாத போர்டுகளைக் கொண்டுவந்து அண்ணன் மடியில் வைக்கிறாள். அவள் கேள்வி கேட்க, அவர் 'தா' என்று அதட்ட, "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று அவள் கத்த, இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை கிடையாது. ஆனாலும் அந்தச் சண்டையைக் கேட்கவே பட்டறையைத் திறந்து வைக்கிறேன்.