சாயக்காரர் வீட்டு வெள்ளைச் சுவர்

ஆரணியில் சாயம் காய்ச்சுகிறவர் வீட்டுக்குப் போய் யாராவது வெள்ளை அடிப்பார்களா? தேவிப்ரியா அடித்தாள். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் தணிகாசலத்தின் மனைவி அவள். பொழுது விடிந்தால் அரக்கு, பொழுது போனால் கிளிப்பச்சை என்று புழக்கடைத் தொட்டிகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் பூத்துப்போயிருந்தது. பாகம் பிரித்து வீடு தனியாகக் கைக்கு வந்ததும், "உள்ள வந்தா கண்ணு கொஞ்சம் சும்மா இருக்கணும்" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

சுவருக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு. ஜன்னலுக்குப் பால் வெள்ளையில் திரை. கதவுக்குத் தந்த நிறம். கட்டிலுக்குக் கஞ்சி போட்டு மொடமொடவென்று வெள்ளை விரிப்பு. "வெள்ளையிலயே இத்தினி கலரா? என் பொழப்ப நீ எடுத்துகினியே" என்று தணிகாசலம் சிரித்தான். எதிர்வீட்டு ஜெயம் எட்டிப் பார்த்து, "மூணு வயசுப் பையன், நூல எலி கடிக்காம இருக்க ஒரு பூன, இதுல வெள்ளை வூடு. நல்லா வெளங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யார் என்ன சொன்னால் என்ன? வெள்ளை அடித்தது கண்ணுக்காக மட்டும் இல்லையே. லாவண்யா வரப்போகிறாள்.

லாவண்யா, தணிகாசலத்தின் முதல் மனைவி பெற்றுவிட்டுப் போன பெண். கைக்குழந்தையிலிருந்து அவளைச் சேத்துப்பட்டில் வளர்த்தவள் அவளுடைய பெரியம்மா பொன்னம்மாள். இப்போது ஒன்பது வயது. அந்தத் தொண்ணூற்றொன்பதாம் வருஷக் கோடை விடுமுறைக்கு அப்பா வீட்டில் இருந்து பார்க்கட்டும், பிடித்தால் இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேரட்டும், இல்லையென்றால் நானே வந்து கூட்டிப் போகிறேன் என்று பொன்னம்மாள் சொல்லியிருந்தாள். தான் இந்த வீட்டுக்குள் வந்ததால் ஒரு குழந்தை வெளியே நிற்கிறதே என்கிற நினைப்பு தேவிப்ரியாவைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தன்னோடு இருக்க வேண்டும் என்று அவள் மனசார ஆசைப்பட்டாள்.

லாவண்யா வந்தாள். வந்து, விருந்தாளி மாதிரி இருந்தாள். சுவர் ஓரம் போகமாட்டாள், கூடத்து நடுவில் குந்துவாள். கட்டிலில் படு என்றால், பாய் போதும் என்பாள். மற்ற நேரமெல்லாம் பூனையை மடியில் வைத்துக்கொண்டு புழக்கடையில்தான். உடம்பில் மஞ்சள் கோடு ஓடிய அந்தப் பூனைக்கு ஜரிகை என்று பேர் வைத்தவளும் அவள்தான். அது உள்ளே ஓடப் பார்த்தால் வாலைப் பிடித்தாவது இழுத்துவிடுவாள்.

தேவிப்ரியாவின் பையன் சரவணன் இருக்கிறானே, அவனுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. மாம்பழக் கையைத் திரையில் துடைப்பான், ரசத்தைச் சுவருக்கு ஊட்டுவான். தேவிப்ரியா அவன் தொடையைக் கிள்ளிக் கத்துவாள். அவன் அழுது முடித்து அடுத்த சுவருக்குப் போவான். லாவண்யாவிடம் மட்டும் அவள் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. சித்தி திட்டினாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் ஊர் வாயை யார் மூடுவது?

விடுமுறை முடிந்து பொன்னம்மாள் வருவதற்கு முந்தின நாள் தேவிப்ரியா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். சரவணன் தூங்கிக்கொண்டிருந்தான். கொடியில் காயப்போட்ட அரக்கு நூலிலிருந்து தரையில் சாயம் சொட்டித் தேங்கியிருந்தது. ஜரிகை ஒரு பல்லியைப் பார்த்தது. அவ்வளவுதான். லாவண்யா பிடிப்பதற்குள் தேங்கின சாயத்தை மிதித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, விரிப்பில் ஏறி, சுவரில் தாவி, பல்லியையும் விட்டுவிட்டு ஓடிப்போனது.

தேவிப்ரியா திரும்பி வந்தபோது லாவண்யா ஈரத்துணியால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பூனைக்கால் தடமாக இருந்தது இப்போது முறம் அகலத்துக்குச் சிவப்பாகப் படர்ந்திருந்தது. பக்கத்தில் அவளுடைய துணிப்பை கட்டித் தயாராக இருந்தது.

பொய் சொல்வானேன், தேவிப்ரியாவுக்கு முதலில் வயிறு எரிந்தது சுவருக்காகத்தான். அப்புறம்தான் அந்தப் பையைப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது?"

"நாளைக்கிப் பெரிம்மா கூடப் போயிடறேன் சித்தி. ஜரிகையையும் எடுத்துகினு போயிடறேன்."

"சுவரு அழுக்கானா யாராவது வூட்ட விட்டுப் போவாங்களா? சரவணன் பண்ணாத அழுக்கா?"

லாவண்யா துணியைக் கையில் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "அவன் பண்ணா திட்டுவீங்க. நான் பண்ணா அனுப்பிடுவீங்க இல்ல?"

ஊருக்குப் பயந்து பயந்து இந்தக் குழந்தையை ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்திருந்ததில், இவள் இப்படியா கணக்குப் போட்டிருக்கிறாள்? தேவிப்ரியாவுக்கு அவளை வாரி அணைத்து அழலாம் போலிருந்தது. அழவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சரவணனுக்குக் கிடைக்கிற அதே குரலை எடுத்தாள்.

"அறிவு கீதாடி உனக்கு? சாயக்காரன் பொண்ணு நீ. அரக்க ஈரத்துணி போட்டுத் தேய்ச்சா பரவாம இன்னா பண்ணும்? பைய உள்ள வெச்சிட்டு, போய் அந்தச் சுண்ணாம்புச் சட்டிய எடுத்துகினு வா. ஜல்தி."

லாவண்யா ஒரு நொடி விழித்தாள். பிறகு பையை உள்ளே வைத்துவிட்டு ஓடினாள். சட்டியோடு வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

முதல் பூச்சில் சிவப்பு மேலே வந்தது. காயவிட்டு இரண்டாவது பூச்சை லாவண்யாவே அடித்தாள். எழுந்து வந்த சரவணன் தானும் அடிப்பேன் என்று சுண்ணாம்பு மட்டையைப் பிடுங்க, "கைய எடுடா, பேஜார் பண்ணாத" என்று லாவண்யா அவனை ஒரு அதட்டல் போட்டாள். எவ்வளவு அடித்தும் அந்த இடத்தில் மட்டும் ரோஜா நிறம் லேசாக ஓடின மாதிரி ஒரு வெள்ளை நின்றுவிட்டது. தணிகாசலம் சாயங்காலம் அதைப் பார்த்து, இந்தக் கலரை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டான். சித்தியும் பெண்ணும் பூனையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மறுநாள் பொன்னம்மாள் வந்தாள். தலை நிறைய எண்ணெய் வைத்து வழித்துக் கொண்டை போட்டிருந்தாள். பஸ்ஸில் வந்த அலுப்பில் அந்தச் சுவர் ஓரமாகவே குந்தி, லாவண்யாவை எதிரில் உட்காரவைத்து நேராகக் கேட்டுவிட்டாள். "சொல்லுடி. பெரிம்மா கூட வரியா, இல்ல இங்கியே இருக்கியா?"

அடுப்படியில் தேவிப்ரியா காபி டம்ளரைப் பிடித்தபடி நின்றாள்.

லாவண்யா பெரியம்மாவின் தலைக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னம்மாள் அப்பாடா என்று சாய்ந்தாள்.

"பெரிம்மா, மொதல்ல முன்னால தள்ளிக் குந்து. தலையெண்ணெ சொவத்துல ஒட்டுது. நேத்துதான் நான் வெள்ள அடிச்சேன்."

பொன்னம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வளர்த்தவளுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சரிம்மா வூட்டுக்காரி. உன் மிச்சத் துணியெல்லாம் குடுத்தனுப்பறேன்" என்றாள்.

தேவிப்ரியா அடுப்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பொன்னம்மாளுக்கு அவள் கொண்டுபோய்க் கொடுத்த காபியில் சர்க்கரை ரெண்டு தரம் விழுந்திருந்தது.