கடித்த பிள்ளை

மூன்றாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஜீவராணிக்குச் சேதி வந்தபோது மணி பத்தரை இருக்கும். "ஒம் மக ஒரு பையன் கையக் கடிச்சுப்புட்டாளாம். பள்ளிக்கூடத்துல ஒரே ரகளை, ஓடு" என்றார் கங்காணி. கூடையை நிரையிலேயே இறக்கிவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் குறுக்குப் பாதையில் ஓடினாள்.

மகள் சுதர்ஷினிக்கு ஒன்பது வயது. ஓட்டிசம் என்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் போன வருடம்தான் சொன்னார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அவளுக்கு வராது. மற்றவர்கள் பேசியதை அவர்கள் குரலிலேயே திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பாள். சத்தம் ஆகாது. குக்கர் விசிலுக்கே காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டுவாள். "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டா" என்று லயத்து வீடுகளில் பேசினார்கள். அந்தப் பேச்சை அடைக்கத்தான் ஜீவராணி அடித்தாள். புகார் வரும்போதெல்லாம், நாலு வீட்டுக்குக் கேட்கட்டும் என்று வாசலில் வைத்தே அடித்தாள்.

பள்ளிக்கூட அதிபர் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே கையில் பிரம்போடு நின்றார் புனிதவதி டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடமாக இங்கே படிப்பிப்பவர். சுதர்ஷினி மேசைக்கடியில் சுருண்டு கிடந்தாள். கெண்டைக்காலில் ஆறேழு பிரம்படித் தடங்கள் தடித்திருந்தன. ஒன்றில் ரத்தம் கசிந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பயந்தால் அவளுக்கு அந்தச் சிரிப்புத்தான் வரும். அது ஜீவராணிக்கு மட்டும் தெரியும்.

"அடிச்சால் சிரிக்கிறாள், ஜீவராணி. சிரிக்கச் சிரிக்க எனக்கும்..." டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "தர்ஷன்ரை கையைப் பாருங்கோ. சதை பிஞ்சு போச்சுது."

மூலையில் நின்ற தர்ஷனின் மணிக்கட்டில் சுற்றிய கைக்குட்டை நனைந்து சிவந்திருந்தது. ஜீவராணி அதைப் பார்த்து முடிப்பதற்குள் அவனுடைய அப்பா கணேசமூர்த்தி உள்ளே வந்தார். திரீவீலர் ஓட்டுகிறவர். மகனின் கையைப் பார்த்ததும் காலால் மேசையை எட்டி உதைத்தார். அது கவிழ்ந்தது. சுதர்ஷினியின் பின்னலைப் பிடித்து இழுத்தார்.

"இது புள்ளையா, நாயா?"

ஜீவராணி பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறிய வேகத்தில் அவளுடைய தோள் கரும்பலகையில் மோதியது. டீச்சர் குறுக்கே வந்தார். கணேசமூர்த்தி பின்னலை விட்டார், ஆனால் ஜீவராணியை நோக்கி விரலை நீட்டினார்.

"இந்தா பாரு. ஒண்ணு நீ அடி, இல்ல நான் அடிப்பேன். எங் கண்ணு முன்னால அடி!"

இந்த ஆளின் கையைவிட என் கை தேவலை என்று நினைத்தாள் ஜீவராணி. கையை ஓங்கினாள்.

கை இறங்குவதற்குள் சுதர்ஷினி தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். இன்னொன்று. இன்னொன்று.

"இனிமே செய்வியா? செய்வியா? செத்துத் தொலையேன் சனியனே!"

ஜீவராணியின் குரல். அதே வேகம், அதே இழுப்பு. பிள்ளையின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவள் நிறுத்தவில்லை. தலையைச் சிமெந்துத் தரையில் மோத ஆரம்பித்தாள். ஜீவராணி விழுந்தடித்து உட்கார்ந்து, தலைக்கும் தரைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள். புறங்கை தோலுரிந்தது. இழுத்து அணைத்தால் இன்னும் மூர்க்கமாவாள் என்று தெரிந்ததால் கையை மட்டும் எடுக்காமல், வாய் திறக்காமல் இருந்தாள்.

வெகுநேரம் கழித்து மோதல் தளர்ந்தது. பிள்ளையின் குரல் மாறியது.

"ரிப்பனக் கழட்டுடா. கைய டெஸ்கோட கட்டு. மூடியக் காதுகிட்ட வச்சு அடி. கத்துவா பாரு. இன்னொண்ணு. இன்னொண்ணு அடிடா." பிறகு அவசரமாக, "டீச்சர் வாறாங்க, அவுத்துவிடு!"

அது தர்ஷனின் குரல் என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டீச்சர் குனிந்து சுதர்ஷினியின் வலது மணிக்கட்டைப் பார்த்தார். ரிப்பன் இறுகிய கோடு நீலம் பாய்ந்திருந்தது. நெளிந்த சாப்பாட்டுப் பெட்டி மூடியொன்று பெஞ்சுக்கடியில் கிடந்தது. பிரம்பை ஜன்னலில் வைத்துவிட்டு அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நான் கேக்கேல்லை" என்றார். "என்ன நடந்ததெண்டு ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை."

கணேசமூர்த்தி மகனை ஓங்கி அறைந்ததில் அவன் பெஞ்சோடு சரிந்தான். பெல்ட்டை உருவினார். முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவதை ஜீவராணி பிடித்துக்கொண்டாள்; அது அவள் உள்ளங்கையைச் சுரீரென்று சுட்டது.

"வேணாம்ணே. மூணு வருசமா நானும் அடிச்சுத்தான் பாத்தேன். அவ என்ன கத்துக்கிட்டான்னு இப்ப பாத்தீங்கதானே? அவன் செஞ்சத அவன் வாயால சொல்லட்டும்."

தர்ஷன் விக்கி விக்கிச் சொன்னான். திங்கட்கிழமையிலிருந்து நடந்திருக்கிறது. நாலு பேர். அவள் கத்துவது வேடிக்கையாக இருந்ததாம்.

கணேசமூர்த்தி மன்னிப்புக் கேட்கவில்லை. மகனுக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஜீவராணியைப் பார்க்காமல் சொன்னார்: "ஏறுங்க. அதுக்கும் மருந்து போடணும்ல." திரீவீலர் சத்தத்துக்குச் சுதர்ஷினி காதைப் பொத்தினாள். "நாங்க நடந்தே வாறோம்" என்றாள் ஜீவராணி.

அடுத்த வாரம் டீச்சர் சுதர்ஷினியை வாசலோரம் உட்கார வைத்தார். சிவப்பு அட்டை ஒன்று வெட்டிக் கொடுத்து, சத்தம் தாங்காவிட்டால் அதைத் தூக்கிக் காட்டிவிட்டு வெளியே போகலாம் என்று தினமும் செய்து காட்டிப் பழக்கினார். நாலு பையன்களையும் நாலு இடத்தில் பிரித்துப் போட்டு, இடைவேளையில் தன் கண்ணெதிரிலேயே வைத்துக்கொண்டார். முதல் இரண்டு வாரம் ஒன்றும் சரிவரவில்லை. அட்டை கிழிந்தது. ஒரு பெண்ணின் முகத்தில் நகம் பட்டது. டீச்சர் பிரம்பைத் தேடவில்லை; யார் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

மூன்றாவது வாரம் கூட்டிப்போக வந்த ஜீவராணியை டீச்சர் வாசலில் நிறுத்தினார்.

"பெஞ்சை ஆரோ கிறீச்செண்டு இழுத்தவங்கள். எழும்பி வெளியில ஓடிட்டாள். ஒருத்தரையும் கடிக்கேல்லை" என்றார் டீச்சர். "அட்டையைத்தான் கடிச்சுப் போட்டாள்."

"வேற அட்டை இருக்குங்களா டீச்சர்?"

"அஞ்சு வெட்டி வைச்சிருக்கிறன்."