ஏழு இலைக்கு வந்த வரி

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த பிறகு வந்த முதல் போகி. மலாக்காவின் காஜா பேராங்கில் ஏகாம்பரம் வீட்டுப் பின்னறையில் சுப்பையன் குடியேறிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கிட்டங்கியில் இரவுக் காவல்; பகலெல்லாம் தூக்கம். அவனோடு குடித்தனம் நடத்த மனைவி கோகிலா நாகப்பட்டினத்தில் கப்பலேறிவிட்டாள். அந்த நேரம் பார்த்துத் தெங்கேராப் பக்கத்துக் கருவாட்டு முதலாளி ஒருவர், சரக்குப் போட அதே அறையை இரட்டை வாடகைக்குக் கேட்டிருந்தார். ஏகாம்பரம் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கும் கணக்குத் தெரியும். வீட்டு வரியில் சலுகை கிடைத்தால் நீ இரு, கிடைக்காவிட்டால் கருவாடு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

சட்டம் எளிமையானது. உரிமையாளர் தன் வீட்டிலேயே குடியிருந்துகொண்டு, ஒரு பகுதியை ஒரே ஒரு குடும்பத்துக்கு விட்டால் பாதி வரி. அதற்கு மேல் ஒருவர் தங்கினாலும் அது விடுதி, முழு வரி.

வரி அதிகாரி தேவதாஸ் நேரில் பார்க்க வரவேண்டும். அவரைப் போகியன்று வரச்சொன்னவன் சுப்பையன்தான். அவன் அறிந்த போகி, பழைய குப்பையை எறியும் நாள். வீடு துடைத்து வைத்ததுபோல் இருக்கும் என்று நினைத்தான். காரியம் முடிந்ததும் சொல்லி நல்ல பெயர் வாங்கலாம் என்று ஏகாம்பரத்திடம் மூச்சுவிடவில்லை. ஏகாம்பரம் போன்ற மலாக்காச் செட்டிகளுக்குப் போகிதான் பர்ச்சு, செத்துப்போனவர்கள் சாப்பிட வரும் நாள் என்பது அவனுக்குத் தெரியாது.

தேவதாஸ் உள்ளே வந்தபோது கூடத்தில் ஏழு வாழையிலைகள் விரித்திருந்தன. தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, கோழிக்கறி, சம்பல். ஓர் இலையருகே சுருட்டு, இன்னொன்றின் அருகே கறுப்பு பீர். மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன; அவை அணையும்வரை வந்தவர்கள் இலையை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. ஏகாம்பரமும் அவர் மனைவி காமாட்சியும் ஒதுங்கி நின்றார்கள். தேவதாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு இலைகளை எண்ணத் தொடங்கினார்.

சுப்பையன் முந்திக்கொண்டான். "படையல் சார். செத்தவங்களுக்கு."

"படையல்னு எனக்குத் தெரியும் தம்பி. சட்டத்துக்குத் தெரியாதே. இங்க வேற யாரும் தங்கலைன்னு வீட்டுக்காரர் தன் வாயால சொல்லட்டும்."

அதையே மலாயில் ஏகாம்பரத்திடம் கேட்டார். தமிழ் அந்த வீட்டில் ஆட்களின் பெயர்களோடு நின்றுவிட்டிருந்தது. ஏகாம்பரம் இலைகளைப் பார்த்தார். மெழுகுவர்த்தி எரியும்போது, சாப்பிட உட்கார்ந்திருக்கும், வீட்டைக் கட்டிய தாத்தாவின் முகத்துக்கு நேரே யாருமில்லை என்று எப்படிச் சொல்வது? காமாட்சி வேறு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கிறார்கள் துவான்," என்றார்.

வாடகைக்கா என்று தேவதாஸ் கேட்டார்.

"அவர்களா? இது அவர்கள் வீடு. நாங்கள்தான் ஒண்டிக்கொண்டிருக்கிறோம்."

தேவதாஸின் முகம் மலர்ந்தது. உரிமையாளர் வீட்டிலேயே இருக்கிறார், சரி. ஒண்டியிருப்பது ஏகாம்பரம் குடும்பம் ஒன்று, சுப்பையன் குடும்பம் ஒன்று. ஆக இரண்டு. சலுகை கிடையாது. இவ்வளவு தெளிவான கேஸைத் தான் பார்த்ததில்லை என்று பாராட்டிவிட்டு, சாப்பிடச் சொல்வார்களா என்று சற்று நின்றார். சொல்லவில்லை. போய்விட்டார்.

ஏகாம்பரம் குரலைத் தாழ்த்தி, தை முடிவதற்குள் அறையைக் காலி செய்துவிடு என்றார். இரவெல்லாம் கண்விழித்த சுப்பையனுக்குப் பயம் போய் எரிச்சல் மட்டும் மிஞ்சியிருந்தது.

"காலி பண்ணச் சொல்ல நீங்க யாரு பாக்?" என்று பெரியவரை மலாயில் கேட்டான். "நீங்களும் என்னை மாதிரி ஒண்டுக்குடித்தனம்தானே. வீட்டுக்காரர் சொல்லட்டும். அதோ சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கார்."

அது அதிகாரிக்காகச் சொன்னது என்று வாயெடுத்த ஏகாம்பரம், இலைகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். காமாட்சி சிரிப்பை அடக்க வெற்றிலைத் தட்டைச் சரிசெய்தாள். மூவரும் காத்திருந்தார்கள். மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை.

"இனி அடுத்த போகிக்குத்தான் வருவார்," என்றாள் காமாட்சி. "அதுவரைக்கும் அவன் இருக்கட்டும்."

வாடகையையாவது கொஞ்சம் ஏற்றலாமா என்று ஏகாம்பரம் கேட்டார்.

"முன்னாடியே கேட்டிருக்கணும்," என்றாள் அவள், இலையை மடித்தபடி. "இப்பத்தான் எழுந்து போனார்."